பின்னல் நகரத்துச் சுவைஞர்கள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

படித்த கதையை மற்றொருவரிடம் சொல்லத் துடிப்பதும், பார்த்த படத்தைப் பற்றி இரவெல்லாம் பேசுவதும், தொடரின் அடுத்த பகுதிக்காகக் காத்திருப்பதும் மனித இயல்பு. பொழுதெல்லாம் எந்திரங்களோடு உழைக்கும் ஒரு நகரத்தில் இந்த இயல்பு எவ்வாறு தழைக்கிறது? கலையை விரும்புவோர் அதற்கு அடிமையாகாமல் அதனால் உயர்வது எவ்வாறு? திருப்பூர் வட்டாரத்தின் திரையரங்கு, வானொலி, தொடர்கதை, நூலகம் ஆகியவற்றின் வழியாக இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

இழையும் ஏடும்

'நூல்' என்னும் சொல் தமிழில் இருபொருள் உடையது. ஆடைக்குரிய இழையும் நூல். அறிவுக்குரிய ஏடும் நூல். இவ்விரு பொருளையும் இணைத்து, சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் புலவனை நூல் நூற்பவராகவும் நன்னூலின் பாயிரம் உருவகிக்கிறது. அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவரைக் கொங்கு நாட்டுச் சீனாபுரத்தோடு தொடர்புபடுத்துவர். அக்கொங்கு நாட்டில்தான், இழையை நம்பி வாழும் திருப்பூர் இன்று பின்னலாடைத் தலைநகராக விளங்குகிறது.

1970-களின் இறுதியில் ஏற்றுமதியில் கால்பதித்த இந்நகரம், இன்று உலகின் பல நாடுகளுக்கும் ஆடை அனுப்புகிறது. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள் இங்குப் பல்லாயிரவர். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பல கைகள் கடந்தே ஒரு பனியன் உருப்பெறுகிறது. அக்கைகளுக்கு உரியோர் உழைப்பாளர் மட்டுமல்லர். அவர்கள் வாசகர்கள், பார்வையாளர்கள், பாட்டு விரும்பிகள். ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் ஏற்றுமதிக் கணக்கில் மட்டும் காண இயலாது. அம்மக்கள் எதைக் கேட்டு மகிழ்ந்தனர், எதைப் படித்து உருகினர் என்பதிலும் காண வேண்டும்.

சுவைஞர் என்போர் யார்?

'ரசிகர்' என்ற சொல்லைக் கேட்டவுடன் திரையரங்க வாயிலில் ஆரவாரம் செய்வோரே பலர் நினைவுக்கு வருவர். ஆனால், அச்சொல்லைத் தம் பெயருக்கு முன்னால் பெருமையாகப் பெற்றவர் ஒரு தமிழறிஞர். அவர் 'ரசிகமணி' டி. கே. சிதம்பரநாதர் (1882 - 1954). திருநெல்வேலியில் அவருடைய இல்லத்தில் 'வட்டத்தொட்டி' என்னும் இலக்கியக் கூட்டம் நடைபெற்றது. வீட்டின் நடுவே அமைந்த தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடி, ஒரு பாடலை எடுத்துக்கொண்டு அதன் ஓசையையும் உணர்ச்சியையும் சுவைத்துப் பேசினர். கம்பர்மீது அவர் கொண்ட ஈடுபாடு, கேட்டவரையெல்லாம் கம்பரிடம் அழைத்துச் சென்றது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. சுவைத்தல் என்பது வெறுமனே பெற்றுக்கொள்ளும் செயலன்று. ஒருவர் சுவைத்ததை மற்றவரிடம் கொண்டு சேர்க்கும்போதுதான் அது நிறைவு பெறுகிறது. படைத்தவர் ஒரு முனையில் நின்றால், சுவைப்பவர் மறுமுனையில் நிற்கிறார். இருவரும் இழுத்துப் பிடித்தால்தான் இழை நிற்கும். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டு வகையாகப் பகுத்து ஓர் இயலே அமைத்ததும், கலை ஏற்படுத்தும் உணர்ச்சி பிறர் காணுமாறு உடலிலும் முகத்திலும் வெளிப்படும் என்பதை அறிந்தே ஆகும்.

கொட்டகை வந்த வழி

கொங்கு வட்டாரத்தில் திரைப்படச் சுவை பரவியதற்கு நீண்ட வரலாறு உண்டு. தென்னிந்திய இரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் (1883 - 1942), 1905ஆம் ஆண்டு டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையைத் துறந்து, கூடாரத்தையும் கருவியையும் சுமந்து ஊர் ஊராகச் சென்று சலனப்படங்களைக் காட்டினார். பின்னர் 1914இல் கோயம்புத்தூரில் 'வெரைட்டி ஹால்' என்னும் நிலையான திரையரங்கை நிறுவினார். வெண்திரையில் மனிதர் நடமாடுவதைக் கண்டு வியந்த மக்களே தமிழகத்தின் முதல் தலைமுறைத் திரைச் சுவைஞர்கள்.

பேசும் படம் 1931இல் தமிழுக்கு வந்தது. 1930-களிலேயே கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோ தோன்றியது. அங்கு உருவாகி 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்', சென்னையில் ஒரே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. எம். கே. தியாகராஜ பாகவதரின் பாடல்களைக் கேட்பதற்காகவே ஒரே படத்திற்கு மீண்டும் மீண்டும் சென்றவர்கள் பலர். கோவையின் மற்றொரு நிறுவனமான பட்சிராஜா ஸ்டுடியோ, நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கனாரின் 'மலைக்கள்ளன்' புதினத்தை 1954இல் திரைப்படமாக்கியது. ஏட்டில் படித்த கதையைத் திரையில் காணும் இன்பத்தை அப்படம் வழங்கியது.

சிற்றூர்களில் கூடாரக் கொட்டகைகளே திரையரங்குகள். மணலில் அமர்வோர்க்குத் தரைச்சீட்டு, அடுத்து பெஞ்சு, அதற்கும் அடுத்து நாற்காலி. படம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் வரும் பாடலே ஊருக்கு மணியோசை. அக்கொட்டகைகளின் வாயிலில் மலிவான விலையில் பாட்டுப் புத்தகங்கள் விற்கப்பட்டன. அவற்றில் நடிகர் பட்டியலும் பாடல்களும் இருக்கும். கதைச் சுருக்கமும் இருக்கும். கதை முடியும் தறுவாயில், மீதியை வெண்திரையில் காணுமாறு கூறி நிறுத்திவிடுவர். பள்ளிப் படிப்பு வாய்க்காத பலருக்கும் எழுத்தோடு உறவை ஏற்படுத்திய நூல்களில் பாட்டுப் புத்தகத்திற்கும் இடமுண்டு. தெரிந்த பாட்டின் ஓசையைத் துணையாகக் கொண்டு, தெரியாத எழுத்தைக் கூட்டிப் படித்தனர். திரையும் ஏடும் பகையல்ல என்பதற்கு அந்த மெல்லிய புத்தகமே சான்று.

தெரிந்து தெளிவோம்

உடுமலை நாராயணகவி (1899 - 1981), இன்றைய திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள பூளவாடியில் பிறந்தவர். நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் பாடல்கள் இயற்றினார். நாட்டுப்புற மெட்டுகளையும் பேச்சு வழக்கையும் திரைப்பாடலுக்குள் கொண்டுவந்து, சீர்திருத்தக் கருத்துகளை எளிய மக்களிடம் சேர்த்தார். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனுக்காக அவர் எழுதிய பாடல்கள் சிரிக்க வைத்துச் சிந்திக்கவும் வைத்தன. உடுமலைப்பேட்டையில் அவருக்கு மணிமண்டபம் அமைக்கப்பட்டுள்ளது.

ஊசியும் நூலும் கொண்டு காத்த கதைகள்

வார இதழ்களின் தொடர்கதைகள் தமிழ்ச் சுவைஞருக்குக் காத்திருத்தலைக் கற்பித்தன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், தொடராக வெளிவந்தது. ஒவ்வொரு வாரமும் கதை ஓர் ஐயத்தில் நிற்கும். அடுத்த இதழ் வரும்வரை வீட்டிலும் கடைத் திண்ணையிலும் வந்தியத்தேவன் என்ன ஆவான், நந்தினி என்ன செய்வாள் என்ற பேச்சே நிகழும். ஒரு வீட்டிற்கு வந்த இதழ் நான்கு வீடுகளுக்குச் சென்று திரும்பும். எழுத்தறிந்த ஒருவர் படிக்க, பலர் சூழ்ந்து கேட்பர்.

அச்சுவைஞர்கள் செய்த மற்றொரு செயல் குறிப்பிடத்தக்கது. தொடர் முடிந்ததும் இதழ்களிலிருந்து அப்பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, ஊசியும் நூலும் கொண்டு தைத்து, அட்டையிட்டுப் பைண்டு செய்தனர். ஓவியர் மணியத்தின் சித்திரங்களும், இடையிடையே அந்நாளைய விளம்பரங்களும் அத்தொகுப்பில் இடம்பெற்றன. அவ்வாறு தைக்கப்பட்ட தொகுப்புகளை இன்றும் பழைய வீடுகளின் பரண்களில் காணலாம். அச்சகத்தார் நூலாக்குவதற்குக் காத்திராமல் சுவைஞரே தமக்கான நூலை உருவாக்கிக்கொண்டனர். விருப்பம் உழைப்பாக மாறிய இடம் இது.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் 2022, 2023ஆம் ஆண்டுகளில் அக்கதை இரு பகுதிகளாகத் திரைப்படமாகியது. படம் பார்த்த இளைஞர் பலர் புதினத்தைத் தேடினர். புதினத்தைப் படித்த முதியோர், தம் மனத்தில் இருந்த முகங்களோடு திரையில் கண்ட முகங்களை ஒப்பிட்டு வாதிட்டனர். "நான் கண்ட வந்தியத்தேவன் வேறு" என்று ஒரு பாட்டி சொல்வாரானால் அது குறைகூறல் அன்று. படிக்கும்போது ஒவ்வொருவரும் தமக்குள் ஒரு படத்தை இயக்குகிறார் என்பதற்கு அதுவே சான்று.

வாரத்தின் இழை

திருப்பூரின் காலம் வாரக் கணக்கில் ஓடுவது. பல பனியன் நிறுவனங்களில் சனிக்கிழமை கூலி நாள். ஞாயிறு ஓய்வு நாள். ஆறு நாள்களின் உழைப்பு ஒரு நாளின் விருப்பங்களைத் தீர்மானிக்கிறது. அவசர ஆர்டர் வந்துவிட்டால் அந்த ஒரு நாளும் குறைந்துபோகும். பிறருக்கு எளிதாகக் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தை இங்குள்ளோர் எண்ணி எண்ணிச் சேர்க்க வேண்டியுள்ளது. ஆகவே, ஓய்வு என்பது இங்கே சோம்பல் அன்று, ஈட்டிய பொருள்.

கைகளும் கண்களும் எந்திரத்திற்கு உரியனவாகும்போது செவி மட்டும் விடுதலையாக இருக்கிறது. அச்செவியை முதலில் கைப்பற்றியது வானொலி. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தமிழகமெங்கும் கேட்கப்பட்ட காலத்தில், அஞ்சலட்டையில் பாடலின் பெயரையும் குடும்பத்தாரின் பெயர்களையும் எழுதியனுப்பிய நேயர்கள் ஏராளம். கடல் கடந்து தம் பெயர் ஒலிப்பதைக் கேட்ட மகிழ்ச்சி, பாடலைக் கேட்ட மகிழ்ச்சியினும் பெரிது. தையல் எந்திரங்களின் இரைச்சலுக்கு மேலாக ஒலிக்கும் திரைப்பாடல், நீண்ட ஷிப்டைக் கடக்கத் துணைசெய்தது. ஏற்றம் இறைத்தோரும் நாற்று நட்டோரும் பாடிக்கொண்டே உழைத்த மரபின் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அன்று உழைத்தவரே பாடினார். இன்று உழைப்பவர் கேட்கிறார்.

சென்னையில் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஒரு வீட்டில் தெருவே கூடியது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம் என வாரத்திற்குப் புதிய அடையாளங்கள் தோன்றின. 1993இல் தனியார் தமிழ் அலைவரிசை வந்தபின் நெடுந்தொடர்கள் பெருகின. 2006ஆம் ஆண்டில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் எளியோர் இல்லங்களுக்கும் பெட்டி வந்தது. கூடிப் பார்த்தோர் தத்தம் வீட்டுக்குள் பார்க்கத் தொடங்கினர். இன்றோ, ஒரே அறையில் தங்கியுள்ள நால்வர் நான்கு கைப்பேசிகளில் நான்கு மொழிகளின் காட்சிகளைப் பார்க்கின்றனர். விரும்பியதை விரும்பிய நேரத்தில் காணும் வாய்ப்பு பெருகியுள்ளது. உடனிருந்து சிரிப்பவர் குறைந்துள்ளார். இவ்விரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பதே நேர்மையான மதிப்பீடாகும்.

சட்டம் திறந்த கதவு

திரையரங்கிற்குச் சீட்டு வாங்க வேண்டும். தொலைக்காட்சிக்குப் பெட்டி வாங்க வேண்டும். கையில் காசில்லாதவருக்கும் கதையும் அறிவும் கிடைக்க வழி உண்டா? அவ்வழியைச் சட்டமாக்கியவர்களுள் முதன்மையானவர் திருப்பூரில் பிறந்தவர் என்பது பெருமைக்குரியது. சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் (பிறப்பு 1903) காலத்தில், 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இதுவே. இதன் உருவாக்கத்திற்கு நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரா. அரங்கநாதன் தூண்டுகோலாக இருந்தார்.

இச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. உள்ளாட்சிகள் திரட்டும் சொத்துவரியோடு ஒரு சிறு பகுதி நூலகத்திற்கெனச் சேர்த்துப் பெறப்படுகிறது. வீட்டிற்கும் கடைக்கும் தொழிற்கூடத்திற்கும் செலுத்தப்படும் வரியின் ஒரு துளி நூலாக மாறி, அந்தத் தெருவிலுள்ள நூலக அலமாரியில் அமர்கிறது. நூலகம் யாரோ ஒருவர் வழங்கும் கொடை அன்று. மக்கள் தமக்குத் தாமே செய்துகொண்ட ஏற்பாடு. ஆகவே, வேலை முடிந்து தூசு படிந்த உடையோடு நூலகத்தின் படியேறும் தொழிலாளி எவரும் தயங்க வேண்டியதில்லை. அது அவருடைய உரிமை.

அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளுள் இரண்டு சுவைஞரைப் பற்றியவை. வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு என்பது ஒன்று. நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு என்பது மற்றொன்று. இவ்விதிகள் வாசகரைத் தரம் பிரிக்கவில்லை. துப்பறியும் கதையை நாடி வருபவருக்கும் தத்துவ நூலைத் தேடி வருபவருக்கும் ஒரே கதவைத் திறந்துவைக்கின்றன. ஒரு நூலைக் கையிலெடுத்தவர் அடுத்த அலமாரிக்கும் செல்வார் என்பதே அவற்றின் நம்பிக்கை.

தெரிந்து தெளிவோம்

அவினாசிலிங்கத்தின் முயற்சியால் 1946இல் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகம், தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது (1954 - 1968). கொங்கு நாட்டைச் சேர்ந்த ம. ப. பெரியசாமித் தூரன் (1908 - 1987) அதன் தலைமைப் பதிப்பாசிரியராகப் பணியாற்றினார். அதனைத் தொடர்ந்து குழந்தைகளுக்கான கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது.

நூலகத்தின் பணியை விரிவாக்கும் மற்றொரு களம் புத்தகத் திருவிழா. திருப்பூரில் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடைபெறுகிறது. பனியன் பைகளைச் சுமந்த தோள்களில் அந்நாள்களில் புத்தகப் பைகள் தொங்குகின்றன. கூலி வாங்கிய மறுநாளாகிய ஞாயிற்றுக்கிழமையில் கூட்டம் மிகுவது இயல்பே. நீண்ட நேரம் புரட்டிப் பார்த்து, விலையை மூன்று முறை உறுதிசெய்து, ஒரே ஒரு நூலை மார்போடு அணைத்துச் செல்பவரும் அங்குண்டு. பெட்டி நிறைய வாங்குபவரினும் அவர் சிறிய வாசகர் அல்லர்.

தன்னைத் தானே படித்தல்

தொலைதூர அரசர்களின் கதையைச் சுவைத்த வாசகர், ஒரு நாள் தம் தெருவின் கதையையும் தேடுகிறார். திருப்பூருக்கு அக்கதையை எழுதியவர்களுள் ஒருவர் சுப்ரபாரதிமணியன். 1987 முதல் 'கனவு' என்னும் சிற்றிதழை நடத்திய அவர், 1998இல் 'சாயத்திரை' என்னும் புதினத்தை வெளியிட்டார். சாயக்கழிவால் நீரும் நிலமும் மனித வாழ்வும் நிறம் மாறிய அவலத்தை அப்புதினம் சித்திரிக்கிறது. நொய்யலின் மாசு நீதிமன்றத்திற்குச் சென்று, 2011இல் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இலக்கியம் அதனைப் பேசிவிட்டது.

பெருமாள்முருகனின் 'நிழல்முற்றம்' என்னும் புதினமும் இங்கு எண்ணத்தக்கது. திரையரங்கில் சோடா விற்கும் சிறுவர்களின் வாழ்வை அது கூறுகிறது. திரையைப் பார்த்து மெய்மறந்திருக்கும் கூட்டத்தின் முதுகுப்புறத்தில், படத்தை ஒருமுறைகூட முழுமையாகக் காண இயலாமல் உழைக்கும் சிறுவர்கள் இருக்கிறார்கள். அப்புதினத்தைப் படித்தவர் அதன்பின் திரையரங்கில் திரையை மட்டும் பார்க்கமாட்டார். இருட்டில் நடமாடும் கால்களையும் பார்ப்பார். நம் பார்வையின் எல்லையை விரிப்பதே நல்ல கலையின் பயன்.

அணிபவரும் தைப்பவரும்

சுவைஞர் தம் விருப்பத்தை ஆடையிலும் எழுதிக்கொள்வது இக்கால வழக்கம். விரும்பிய நாயகனின் உருவம், படத்தின் பெயர், கதைமாந்தரின் சின்னம் ஆகியவை மார்பில் விளங்கும் டி-சட்டைகளை உலகெங்கும் இளைஞர் அணிகின்றனர். அத்தகைய அச்சிட்ட ஆடைகளில் பல திருப்பூரில் பின்னப்பட்டு, சாயமேற்றப்பட்டு, அச்சிடப்பட்டு, தைக்கப்பட்டுச் செல்கின்றன. எங்கோ ஒரு சிறுவன் கொண்டாடும் நாயகனை, அவன் பெயரையே அறியாத பெண்ணொருத்தி இங்கே மடித்து அடுக்குகிறாள். அச்சிறுவனோ அவள் கையை அறியான். கலையின் இன்பத்திற்குப் பின்னால் காணப்படாத கைகள் பல உண்டு. திரையில் ஒளிரும் ஒரு முகத்திற்குப் பின்னும் ஒளியமைப்பாளர், தையற்கலைஞர், படத்தொகுப்பாளர், சுமைதூக்குவோர் எனப் பலர் உள்ளனர். இக்கைகளை நினைப்பவரே முழுமையான சுவைஞர்.

விருப்பமும் வெறியும்

தமிழகத்தில் திரைநாயகர் பெயரால் ரசிகர் மன்றங்கள் ஊர்தோறும் தோன்றின. புதிதாக ஒரு நகரத்திற்குப் பிழைக்க வந்த இளைஞனுக்கு மன்றம் நண்பர்களைத் தந்தது. குருதிக்கொடை வழங்கல், மாணவர்க்கு ஏடுகள் அளித்தல், பேரிடர்க் காலத்தில் உதவுதல் போன்ற நற்செயல்களும் மன்றங்களால் நிகழ்ந்துள்ளன. அறியாத ஊரில் 'நீயும் அவர் ரசிகனா?' என்ற ஒரு வினாவே உறவின் தொடக்கமாக அமைந்ததுண்டு.

எனினும், விருப்பம் வெறியாகும்போது தீங்கு தொடங்குகிறது. குழந்தைகள் அருந்த வேண்டிய பால் உருவப் பதாகையின்மீது ஊற்றப்படுகிறது. பல நாள் கூலி முதற்காட்சியின் ஒரு சீட்டிற்குச் செலவாகிறது. மாற்று நாயகரை விரும்பும் நண்பன் பகைவனாகிறான். முகம் தெரியாத இணையவெளியில் வசைச்சொற்கள் பெருகுகின்றன. அன்பு என்று தொடங்கியது பகையாக முடியுமானால், அது அன்பின் பெயரை இழந்துவிடுகிறது.

விருப்பத்திற்கும் வெறிக்கும் உள்ள வேறுபாட்டை மூன்று வினாக்களால் அறியலாம். நான் விரும்பும் படைப்பில் குறை ஒன்று கண்டால் அதை என்னால் சொல்ல முடிகிறதா? நான் விரும்பாததை விரும்பும் ஒருவரோடு என்னால் அமைதியாகப் பேச முடிகிறதா? இவ்விருப்பத்தால் என் உழைப்பும் கல்வியும் உறவும் வளர்கின்றனவா, தேய்கின்றனவா? இவற்றுக்கு நேர்மையாக விடையளிப்பவர் கலைக்கு அடிமையாகார், கலையின் தோழராவார்.

சுவைஞரின் கடமை

சுவைத்ததைக் குறித்து வைத்தல் சுவைஞரின் முதற்கடமை. பார்த்த படத்தைப் பற்றி நான்கு வரி எழுதுபவர் அடுத்த படத்தைக் கூர்ந்து பார்ப்பார். பகிர்தல் இரண்டாம் கடமை. ஒரு நூலை ஐவர் படித்துக் கூடிப் பேசினால் அது ஐந்து நூலாகும். ஒரு தேநீர்க்கடை பெஞ்சும் வட்டத்தொட்டி ஆகலாம். உரிய வழியில் பெறுதல் மூன்றாம் கடமை. திருட்டுப் பதிவைத் தவிர்த்து, திரையரங்கிலும் நூலகத்திலும் முறையாகத் துய்ப்பது படைத்தோரின் உழைப்பை மதிப்பதாகும். பிறருக்கு ஓய்வு கிடைக்கச் செய்தல் நான்காம் கடமை. படிக்கவும் பார்க்கவும் நேரமில்லாத வாழ்வு, கூலி நிறைவாகக் கிடைத்தாலும் குறையுடையதே. எட்டு மணிநேர வேலைக்காகப் போராடியோர், உறக்கத்திற்கும் வேலைக்கும் அப்பால் மனிதர்க்கு உரிய பொழுது ஒன்று வேண்டும் என்பதையும் கருதினர். கதை கேட்கவும் பாட்டில் தோயவும் உரிய பொழுது அதுவே.

இழை தனித்திருந்தால் எளிதில் அறும், பின்னினால் ஆடையாகும். ஒருவரின் விருப்பமும் அத்தகையதே. பலருடைய விருப்பங்கள் பேச்சால், வாசிப்பால், பகிர்வால் பின்னப்படும்போது அது பண்பாடாகிறது. பின்னல் நகரம் உலகிற்கு ஆடை அளிப்பதைப் போலவே, தனக்கான அறிவு ஆடையையும் தானே பின்னிக்கொண்டிருக்கிறது.

சொல்லும் பொருளும்

சுவைஞர் - கலையை நுகர்ந்து மகிழ்பவர்
மெய்ப்பாடு - உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுதல்
தொட்டிக்கட்டு - நடுவில் முற்றம் அமைந்த வீட்டுப் பகுதி
பரண் - பொருள்களை வைக்கக் கூரைக்குக் கீழ் அமைத்த தட்டு
தறுவாய் - நிகழும் வேளை
துய்த்தல் - நுகர்தல்

இலக்கணக் குறிப்பு

படித்த கதை, தைக்கப்பட்ட தொகுப்பு - பெயரெச்சங்கள்
ஊசியும் நூலும், கைகளும் கண்களும் - எண்ணும்மைகள்
எண்ணி எண்ணி, மீண்டும் மீண்டும் - அடுக்குத்தொடர்கள்

பகுபத உறுப்பிலக்கணம்

படித்தனர் - படி + த் + த் + அன் + அர்
படி - பகுதி. த் - சந்தி. த் - இறந்தகால இடைநிலை. அன் - சாரியை. அர் - பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலும் தெருவிலும் உள்ள முதியோரிடம் அவர்கள் முதன்முதலில் பார்த்த திரைப்படம், விரும்பிப் படித்த தொடர்கதை ஆகியவை குறித்துக் கேட்டுத் தொகுத்து வகுப்பில் படித்துக் காட்டுக.
2. புதினமாகவும் திரைப்படமாகவும் வந்த படைப்பு ஒன்றைத் தேர்ந்து, இரண்டிற்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை அட்டவணைப்படுத்துக.
3. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகி, ஒரு மாதத்தில் நீங்கள் படித்த நூல்களுக்குத் திறனாய்வுக் குறிப்பு எழுதுக.
4. 'ரசிகர் மன்றங்கள் சமூகத்திற்கு நன்மை பயக்கின்றனவா?' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு
அ) 1931 ஆ) 1946 இ) 1948 ஈ) 1954

2. பொருத்துக.
அ) வெரைட்டி ஹால் - 1) சுப்ரபாரதிமணியன்
ஆ) வட்டத்தொட்டி - 2) பெரியசாமித் தூரன்
இ) சாயத்திரை - 3) சாமிக்கண்ணு வின்சென்ட்
ஈ) கலைக்களஞ்சியம் - 4) டி. கே. சிதம்பரநாதர்

குறுவினா

1. 'நூல்' என்னும் சொல்லின் இருபொருளைத் திருப்பூரோடு தொடர்புபடுத்துக.
2. நூலக வரி என்பது யாது?
3. பாட்டுப் புத்தகங்கள் எழுத்தறிவுக்கு எவ்வாறு துணைசெய்தன?

சிறுவினா

1. தொடர்கதை வாசகர்கள் தமக்கான நூல்களை உருவாக்கிக்கொண்ட முறையை விளக்குக.
2. 'அன்று உழைத்தவரே பாடினார். இன்று உழைப்பவர் கேட்கிறார்' - இத்தொடர் உணர்த்தும் சமூக மாற்றத்தைக் கூறுக.
3. 'நிழல்முற்றம்' திரையரங்கைப் பற்றிய நம் பார்வையை எவ்வாறு விரிக்கிறது?

நெடுவினா

1. விருப்பத்திற்கும் வெறிக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுகளுடன் நிறுவுக.
2. 'ஓய்வு என்பது சோம்பல் அன்று. ஈட்டிய பொருள்' - பாடப்பகுதியைக் கொண்டும் உங்கள் ஊர் வாழ்வைக் கொண்டும் விரித்துரைக்க.